தோளில் இருந்த கை

எங்கள் வீட்டு அடுக்களை ஜன்னலுக்கு எதிரே ஒரு சிமெண்ட் தொட்டி இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்கு என்று நினைப்பார்கள். எங்களிடம் ஒருநாளும் மாடு இருந்ததில்லை. வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற எஞ்சின், பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதைத் தொட்டி விளிம்பில் இறுக்கி, காற்றாடி தண்ணீருக்குள் முங்க, ஓட்டிப் பார்ப்பதற்குக் கட்டியது. பாறசாலையிலிருந்து கடலுக்குப் போகிற சாலையோரம் வீடு. கரையிலிருந்து ஆட்டோவில் படுக்க வைத்து எஞ்சினைக் கொண்டு வருவார்கள்.

கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவிக்கு அந்தத் தொட்டியைக் கண்டாலே ஆகாது. அவள் அம்பூரிக்காரி. ரப்பர் தோட்டத்துக்கு நடுவில், சத்தமே இல்லாத மேட்டில் வளர்ந்தவள். இங்கே காயப்போட்ட துணியெல்லாம் எண்ணெய்ப் புகை நாறும். “கேட்டியளா, இந்தச் சனியன ரோட்டுப் பக்கமாட்டு வச்சா ஆகாதா?” என்று ஜன்னல் வழியாகக் கேட்பாள். நான் காது கேட்காதவன் மாதிரி வேலையைப் பார்ப்பேன். அன்றைக்கு எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

பிறகு நிஜமாகவே கேட்காமல் போயிற்று. காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று சொன்னவர்களைப் பார்த்துச் சிரித்தவன் நான். முதலில் வலது காது, பின்னாலேயே இடது. திருவனந்தபுரத்தில் வேலையாக இருக்கும் மகள் காதில் வைக்கிற மெஷின் வாங்கித் தந்தாள். வீட்டுக்குள் உட்கார்ந்து பேச அது போதும். எஞ்சின் பக்கத்தில் போனால் தலைக்குள் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி இருக்கும். கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன்.

காது போனால் இந்த வேலை பாதி போய்விடும் என்று நினைப்பார்கள். அப்படியில்லை. வேகம் கொடுக்கும்போது எஞ்சினுக்குள் இரண்டு காரியம் சேர்ந்து நடக்க வேண்டும். தீப்பொறி விழுகிற நேரம் முன்னால் நகர வேண்டும், கார்புரேட்டர் வாய் திறக்க வேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் எஞ்சின் திக்கும். தீப்பொறியின் நேரத்தை டைமிங் லைட் அடித்துக் கண்ணால் பார்த்து வைக்கலாம். இரண்டையும் சேர்க்கிற லிங்கை விரலால் அசைத்துப் பார்த்தே சரிசெய்யலாம். கேம் என்கிற வளைந்த தகட்டில் போட்டிருக்கிற கோட்டை ரோலர் தொடும் இடத்தில்தான் கார்புரேட்டர் திறக்கத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். இதெல்லாம் முடிந்த பிறகு கடைசியாக ஐடில், அதாவது வேகம் கொடுக்காதபோது எஞ்சின் தானாக ஓடுகிற அந்த மெதுவான ஓட்டம். அதற்குத்தான் காது வேண்டும்.

பொறுமை இல்லாதவன் முதலிலேயே ஐடில் திருகில் கைவைப்பான். மற்றதெல்லாம் தப்பாக இருந்தாலும் வேகத்தைக் கூட்டி மறைத்துவிடலாம். தொட்டியில் அருமையாக ஓடும். அலைக்கு நடுவில் கியர் போட்டால் வள்ளம் துள்ளி முன்னால் பாயும், நிற்கிற ஆள் கடலில் விழுவான். அப்படிச் செய்கிறவர்களை நான் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன்.

என் மனைவி சபையில் பெண்கள் பாட்டுக் குழுவில் பாடுகிறவள். யாராவது சுருதி விட்டால் பாதிரியார் பிரசங்கம் முடிகிற வரை முகம் கோணிக்கொண்டே இருப்பாள். அந்தக் காது தொட்டிப் பக்கமும் திறந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் மீன் வெட்டிக்கொண்டே ஜன்னலிலிருந்து, “இப்ப தும்முது,” என்றாள். எண்ணெய் குறைந்து காற்று கூடினால் கார்புரேட்டர் வழியே எஞ்சின் தும்மத்தான் செய்யும். எண்ணெயைக் கூட்டிக் குறைக்கிற திருகை நான் வெளியே விட்டேன். “இப்ப விக்குது.” எண்ணெய் கூடினால் விக்கும். இரண்டுக்கும் நடுவில் எஞ்சின் அடங்குகிற ஓரிடம் இருக்கிறது. அதை அவள் கண்டுபிடித்துச் சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

மெஷின் இல்லாமல் ஒன்றுமே கேட்காது என்று ஆன பிறகு ஜன்னல் பேச்சு உதவவில்லை. அவள் இறங்கி வந்து எனக்குப் பின்னால் நின்று வலது தோளில் கை வைத்தாள். அழுத்தினால் திருகை உள்ளே விட வேண்டும். கை லேசானால் வெளியே. யாரும் பேசி வைத்துக்கொண்டது இல்லை, தானாக அப்படி ஆயிற்று. தும்மல் நிற்கிற இடத்தில் அவள் நிறுத்த மாட்டாள். கடலில் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றித்தான் ஓட்டுவார்கள், தொட்டியில் சரியாக இருப்பது அங்கே போதாது. ஆகவே இன்னும் ஒரு மயிரிழை வெளியே விட வைப்பாள். எல்லாம் ஒத்து வந்ததும் தோளில் மெல்ல இரண்டு தட்டு. தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் அடுக்களைக்குப் போய்விடுவாள். அதன் பிறகுதான் நான் எஞ்சினை நிறுத்துவேன்.

சண்டை போட்ட நாளிலும் அந்தக் கை வரும். அழுத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். சட்டையில் மீன் வாசம் ஒட்டும். வாயால் பேசியதைவிட அந்தக் கையால்தான் நாங்கள் அதிகம் பேசியிருக்கிறோம் என்று இப்போது தோன்றுகிறது.

கரைக்காரர்களுக்கும் அது பழகிவிட்டது. “அக்கா வந்தாத்தான் எஞ்சின் அடங்கும் ஆக்கும்,” என்று கிண்டல் செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் ஆராதனை முடிந்து அவள் வருகிற வரை காத்திருப்பார்கள்.

அன்றைக்குத் தொட்டியில் இருந்தது பொழியூர்க்காரன் ஒருவனின் எஞ்சின். பல வருடமாக என்னிடம்தான் கொண்டுவருவான். டைமிங் வைத்தாயிற்று. லிங்கும் முடிந்தது. ஐடில் மட்டும் பாக்கி. அவளைக் கூப்பிட்டேன். காதில் மெஷினை மாட்டியிருந்ததால் அவள் சொன்னது கேட்டது. “சோறு வடிச்சிட்டு வாறேன், நீங்க சூடாக்கி வையுங்க.”

மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு எஞ்சினைக் கிளப்பினேன். சூடாகிற வரை ஓடட்டும் என்று நின்றேன். சூடாயிற்று. திருப்புளியைத் திருகில் வைத்துக்கொண்டு தோளைக் கொடுத்து நின்றேன். கை வரவில்லை. ஒரு சோறு வடிக்க இவ்வளவு நேரமா என்று மனதுக்குள் ஏசிக்கொண்டு இன்னும் நின்றேன். ஜன்னலில் ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது.

உள்ளே போனபோது அவள் அடுப்புக்குக் கீழே கிடந்தாள். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில், மாரடைப்பு, விழுந்த உடனே உயிர் போயிருக்கும் என்றார்கள். இருக்கலாம். அவள் என்னைக் கூப்பிட்டாளா இல்லையா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? எனக்கும் தெரியாது. வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்தது. மகள் தன்னோடு வரச் சொன்னாள். தொட்டியையும் இடித்துவிடலாம் என்றாள். மாட்டேன் என்று கத்தினேன். பொழியூர்க்காரன் அடக்கத்துக்கு வந்திருந்தான், பிறகும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனான். சாக்குப் போட்டு மூடியிருந்த தன் எஞ்சின் பக்கம் அவன் கண் போகவில்லை. அவன் இப்போது வேறு ஒருவருடைய வள்ளத்தில் கூலிக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டேன். அவன் பிழைப்பை நான் தொட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். இந்த ஒரு எஞ்சினை என்னால் தனியாக முடிக்க முடிந்தால் இனியும் இந்த வீட்டில் இருக்கலாம், முடியாவிட்டால் மகளோடு போக வேண்டியதுதான் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்தது.

சாக்கை எடுத்தேன். எஞ்சின் மூடியில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்த்துக்கொண்டே திருகைத் திருப்பினேன். தும்முகிறதா விக்குகிறதா, கைக்குப் புரியவில்லை. எஞ்சின் நின்று நின்று போயிற்று. கடைசியில், யாரையெல்லாம் ஏசினேனோ அவர்கள் செய்வதையே செய்தேன். வேகத்தைக் கூட்டி வைத்தேன். நிற்காமல் ஓடியது. ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

சில நாளில் அவன் எஞ்சினோடு திரும்பி வந்தான். வாசலில் நின்று தலையைச் சொறிந்தான். “அண்ணே, வருத்தப்படப்பிடாது. கியர் போட்டா வள்ளம் சாடுது.”

“வேற ஆளப் பாரு மக்கா. எனக்கு இனி ஒக்காது.”

அவன் தானே எஞ்சினைத் தூக்கித் தொட்டியில் மாட்டினான். கயிற்றை இழுத்துக் கிளப்பினான். திருப்புளியை எடுத்து என் கையில் தந்தான். பிறகு எனக்குப் பின்னால் வந்து நின்று, “அக்கா செய்யத நான் கண்டிருக்கேன்,” என்றான். மெஷினைக் கழற்றுவதற்கு முன் நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். வலது தோளில் கை வைத்தான்.

அந்தக் கையை உதறிவிடத்தான் நினைத்தேன். வலை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை, கனம் வேறு, சூடு வேறு. எனக்கு என் மனைவியின் கை வேண்டும். ஆனாலும் அவன் அழுத்தியபோது என் விரல்கள் தாமாகத் திருகை உள்ளே விட்டன. கை லேசானபோது வெளியே விட்டன. வேகத்தைக் குறைத்தேன், மறுபடி திருகினேன். அவன் எஞ்சின் அல்லவா, அதன் மூச்சு அவனுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அவன் கை அசையாமல் நின்றது. தொட்டித் தண்ணீரின் நடுக்கம்கூட ஒரே சீராக இருந்தது. எஞ்சின் அடங்கிவிட்டது, எனக்கே தெரிந்தது.

நான் திருப்புளியை எடுக்கவில்லை. அந்த இரண்டு தட்டு அவனுக்குத் தெரியாது. முன்பெல்லாம் சத்தம் அடங்கியதுமே ஆட்டோவைக் கூப்பிட ரோட்டுக்குப் போய்விடுவான், அதை அவன் பார்த்ததே இல்லை. எனக்கு இன்னும் திருப்தி வரவில்லை என்று நினைத்து அவனும் கையை எடுக்காமல் நின்றான். அவனிடம் எப்படிச் சொல்வது? தட்டு என்று கேட்டு வாங்குகிற காரியமா அது? அப்படியே இரண்டு பேரும் நின்றோம். கேனில் இருந்த பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் தானாக நின்றது.

அவன் முன்னால் வந்து என் முகத்தைப் பார்த்தான். நான் மெஷினைக் காதில் மாட்டினேன்.

“சரியாச்சா அண்ணே?”

அடுக்களை ஜன்னல் திறந்துதான் இருந்தது.

“அவ இன்னும் சொல்லல்லியே மக்கா,” என்றேன்.