லிசெத் செம்பு ஊற்றமாட்டாள்

லிசெத்தைப் பற்றி எங்கள் ஊரில் இப்போது ஒரு பேச்சு இருக்கிறது. அவளுக்கு வயதாகிவிட்டது, பாட்டில் மாறி ஊற்றி ஒரு குளத்தையே நாசம் செய்துவிட்டாள் என்று. பொய். சுத்தப் பொய். பதினோரு வருஷம் அவள் வேனில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அவளோடு சேர்ந்து குளிர்காலத்துக்கு முன் நீச்சல் குளங்களை மூடியவன் நான். என் பெயர் காஸ்தோன். எனக்கு முன்கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மொன்றியலுக்கு வடக்கே, ஆற்றைத் தாண்டினால் எங்கள் தெருக்கள். வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் ஒரு குளம். அக்டோபர் பிறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் போன் செய்வார்கள். குளம் மூடும் மற்ற ஆட்கள் ஒரே நடையில் முடித்துவிடுவார்கள். தண்ணீரை இறக்கு, உள்ளே தண்ணீர் நின்று உறையாதபடி குழாய்களை ஊது, குளோரினையும் பாசி மருந்தையும் சேர்த்துக் கொட்டு, தார்ப்பாயை இழுத்துக் கட்டு, அடுத்த வீட்டுக்கு ஓடு. லிசெத் மட்டும் இரண்டு நடை போவாள். முதல் நடையில் குளோரின். மூன்று நாள் கழித்து, அதன் காரம் இறங்கிய பிறகுதான் பாசி மருந்து.

மருந்திலும் அவளுக்குப் பிடிவாதம். மலிவானது ஒன்று உண்டு, நுரைத்துத் தள்ளும், கிறிஸ்துமஸுக்குள் சக்தி போய்விடும். நீலமாக ஒன்று, செம்பு கலந்தது. அது பாசியை அடியோடு ஒழிக்கும், ஆனால் சுவரில் கறை விடும், பொன்னிற முடிப் பிள்ளைகளின் தலையைப் பச்சையாக்கும். மூன்றாவது நுரைக்காது, கறை விடாது, வசந்தம் வரை தண்ணீரில் நிற்கும். விலைதான் எக்கச்சக்கம். லிசெத் மூன்றாவதைத் தவிர எதையும் தொட மாட்டாள். ஒரு பல் டாக்டர் செம்பையே ஊற்றச் சொல்லி அடம்பிடித்தார். "அப்ப நீங்களே ஊத்திக்குங்க சார். நான் தார்ப்பாயக் கட்டிட்டுப் போறேன்" என்றாள். அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு மூன்றாவதற்கே சம்மதித்தார்.

மூடும்போது ஒரு இரண்டு டாலர் காசைச் சுண்டிக் குளத்தில் போடுவாள். அதில் ஒரு பக்கம் கரடி, மறு பக்கம் ராணியின் தலை. மே மாதம் தார்ப்பாயைச் சுருட்டியதும் வீட்டுக்காரர் கரையில் நின்றபடியே சொல்ல வேண்டும், அடியில் தெரிவது கரடியா, ராணியா என்று. அதுதான் அவள் கொடுக்கும் உத்தரவாதம். என் காலத்தில் ஒரு வீட்டில்கூடக் காசு தெரியாமல் போனதில்லை. அந்தப் பெயரை வைத்துத்தான் அவள் பிழைத்தாள்.

அவள் மூடிய முதல் குளம் அவள் சிநேகிதி ஒதீலுடையது. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். லிசெத்தின் புருஷன் விட்டுவிட்டுப் போன வருஷம், ஒரு குளிர்காலம் முழுக்க ஒதீல் வீட்டுக் கீழறையில்தான் இவள் படுத்தாள். அதை லிசெத் மறந்ததே இல்லை. ஒவ்வொரு மே மாதமும் முதலில் திறப்பது ஒதீல் வீட்டுக் குளத்தைத்தான். தெருவே கூடிவிடும். புதிதாகக் குடிவந்தவர்கள் அங்கே காசைப் பார்த்துவிட்டு, அங்கேயே லிசெத்திடம் பேசிவைப்பார்கள்.

போன வருஷம் அக்டோபரில் ஒதீல் வீட்டுக்கு இரண்டாம் நடை போனபோது தண்ணீர் எனக்குக் கொஞ்சம் கூடுதல் நீலமாகத் தெரிந்தது. சொன்னேன். "வானம் தெளிவா இருக்குல்ல, அதான்" என்றாள் லிசெத். வேறு எந்த வீடாக இருந்தாலும் தண்ணீரை மொண்டு சோதித்துப் பார்த்திருப்பாள். ஒதீல் வீடு என்பதால் பார்க்கவில்லை. மருந்தை ஊற்றினாள், காசைப் போட்டாள், நாங்கள் தார்ப்பாயைக் கட்டினோம்.

மே மாதத்தில் தெருவே கொல்லைப்புறத்தில் நின்றது. ஒதீலின் மருமகன் யானிக் அடுப்பில் ஹாட் டாக் வாட்டிக்கொண்டிருந்தான். அவனும் அந்த இலையுதிர்காலத்தில்தான் குளம் பராமரிக்கும் கடை ஒன்று போட்டிருந்தான். நாங்கள் தார்ப்பாயைச் சுருட்டினோம். தண்ணீர் பளிங்கு போல இருந்தது. "கரடி" என்று ஒதீலின் பேத்தி கத்தினாள், எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் யாரோ கேட்டார்கள், "படியில என்ன அது?"

வெள்ளைப் படிகள் முழுக்க நீலப்பச்சைக் கறை. சுவரிலும் திட்டுத் திட்டாக. லிசெத் மண்டியிட்டு நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "செம்பு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஒதீலை நிமிர்ந்து பார்த்தாள். உலகத்தில் யார் நம்பாவிட்டாலும் ஒதீல் தன் பக்கம் பேசுவாள் என்ற பார்வை அது.

"என்னத்தடி ஊத்தினே, லிசெத்?" என்றாள் ஒதீல்.

"நான் செம்பு ஊத்தமாட்டேன்னு உனக்குத் தெரியுமே."

"எனக்கென்ன தெரியும்? நான் என்ன பக்கத்துலயா நின்னேன்?"

யானிக் ஹாட் டாக்கைத் திருப்பிப் போட்டபடியே சிரித்தான். "விடுங்க அத்தை. வயசாகுதுல்ல, பாட்டில் மாறியிருக்கும்."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. தேய்க்கும் பிரஷ்ஷை எடுக்கும் சாக்கில் சாமான் கொட்டகைக்குள் போனேன். உப்பு மூட்டைக்குப் பின்னால் காலி பாட்டில் ஒன்று கிடந்தது. செம்பு மருந்து. மேலே யானிக் கடையின் ஒட்டுச்சீட்டு. கையில் எடுத்துத் திரும்பினால் வாசலில் லிசெத், அவள் பின்னால் ஒதீல். ஒதீல் கதவைச் சாத்தினாள்.

"அதை வெளிய கொண்டு போகாதே, காஸ்தோன்" என்றாள். பிறகு லிசெத்திடம் திரும்பினாள். "நீ குளோரின் போட்டுட்டுப் போன மறுநாள் அவன் கொண்டாந்தான். 'நம்ம மருந்தும் கொஞ்சம் இருக்கட்டும் அத்தை'ன்னான். மாட்டேன்னா மூஞ்சியத் தூக்கிவச்சுப்பான். ஊத்திட்டேன். இப்படி ஆகும்னு நான் கண்டேனா?"

குளோரின் காரம் உச்சத்தில் இருக்கும்போது செம்பை ஊற்றியிருக்கிறாள். கறை பிடிக்காமல் என்ன செய்யும்? லிசெத் பொறுப்பாக விட்ட அந்த மூன்று நாள் இடைவெளியிலேயே கூட இருந்தவள் குழி பறித்துவிட்டாள்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றாள் லிசெத். "வெளிய வந்து சொல்லிடு."

"எப்படிடி சொல்றது? அவனுக்கு இப்பத்தான் தொழில் ஆரம்பம். என் பொண்ணு மறுபடியும் மாசமா இருக்கா. நீ எப்படியும் ரெண்டு வருஷத்துல விட்டுடப் போறே." ஒதீல் அவள் கையைப் பிடித்தாள். "இந்த ஒரு பழிய நீ வாங்கிக்கோடி."

லிசெத் கையை உருவிக்கொண்டாள். என்னிடமிருந்து பாட்டிலை வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தாள். வெளியே போய்ப் படலருகே நின்றாள். ஒதீலும் வந்தாள். தட்டை எடுத்து எல்லோருக்கும் ஹாட் டாக் பரிமாற ஆரம்பித்தாள். பத்து நிமிஷம் லிசெத் அங்கேயே நின்றாள். பிறகு வேனுக்கு நடந்தாள்.

"நான் காட்டியிருப்பேன்ல? ஏன் தடுத்தே?" என்று வேனில் கத்தினேன்.

"நீ காட்டி என்ன ஆகப்போகுது, காஸ்தோன்? அவ வாயால வரணும்னு நின்னேன்."

முப்பத்திரண்டு குளம் இருந்தது எங்களுக்கு. அந்தக் கோடை முடிவதற்குள் ஒன்பதாகிவிட்டது. ஒதீலின் தெருவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, எல்லாம் யானிக்கிடம் போயின. நான் பார்க்கிற ஆளிடமெல்லாம் பாட்டில் கதையைச் சொன்னேன். "ஒதீலே சொல்லலையே" என்றார்கள்.

இந்த அக்டோபரில் ஒரு நாள் மத்தியானம் லிசெத் வீட்டுச் சமையலறையில் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. திரையில் ஒதீலின் பெயர். லிசெத் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான்தான்டி. குளத்த மூடணும். நீ வந்து மூடிக்குடேன்."

"உன் மருமகன் இருக்கானே."

"அவன் அந்த நீலத்தையே கொண்டாந்து ஊத்துவான். படியெல்லாம் இப்பத்தான் புதுசா மாத்தியிருக்கு. உன் கையால ஊத்தினாத்தான் எனக்கு நிம்மதி." ஒதீலின் குரல் இறங்கியது. "செவ்வாய்க்கிழமை அவன் ஊர்ல இல்ல. பின்பக்கச் சந்து வழியா வந்துடு. வேன கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கோ."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். லிசெத் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை வரேன்" என்றாள். "தெருவுல எல்லாரும் வெளிய நின்னு இலை கூட்டிட்டு இருப்பாங்க. முன்வாசல் வழியா வரேன். எதுக்கு இவளக் கூப்பிட்டேன்னு யாராவது கேட்டா நீயே பதில் சொல்லணும். சொல்வியா?"

"அதெல்லாம் இப்ப எதுக்குடி, லிசெத்" என்றாள் ஒதீல்.

லிசெத் போனை அணைத்தாள். எழுந்து என் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றினாள்.

"நான் சரியாத்தான் ஊத்துவேன்னு அவளுக்குத் தெரியும், காஸ்தோன்" என்றாள். "மத்தவங்க எல்லாரையும்விட அவளுக்குத்தான் நல்லாத் தெரியும்."

சூப்பில் உப்புப் போட மறந்திருந்தாள். நான் சொல்லாமல் குடித்தேன்.