முப்பத்தெட்டு வண்டிகளுக்கு ஓர் அட்டவணை

அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. பணிமனையில் எல்லோருக்கும் அவர் ‘சார்ட்டு’. பதினாறு வருடம் கண்டக்டராக ஓடி, முழங்கால் தேய்ந்துபோய், டைம் ஆபீசை ஒட்டிய குட்டி அறைக்குள் வந்து உட்கார்ந்தவர். எந்த டிரைவர், எந்தக் கண்டக்டர், எந்த ரூட் என்று வாராவாரம் டியூட்டி சார்ட் எழுதுவது அவர் வேலை. மூன்று நிறப் பேனா, ஓரம் தேய்ந்த இரும்பு ஸ்கேல், கதவுக்கு உள்தாழ்ப்பாள். சார்ட் கண்ணாடிப் பலகைக்குள் ஏறிப் பூட்டு விழுந்துவிட்டால், முப்பத்தெட்டு வண்டிகளின் ஒரு வாரம் முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

மேசை டிராயரில் ஒரு நோட்டு வைத்திருந்தார். யாருக்கு இடுப்புவலி, யார் மனைவிக்கு இது எத்தனையாவது மாதம், யார் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரவேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். யாருக்கும் காட்டியதில்லை. கேட்காமலே செய்கிற நல்லதுதான் நல்லது என்பது அவர் கட்சி.

அப்போதுதான் கல்குவாரி ரூட் வந்தது. அந்தச் சாலையில் ஒரு தடவை போய்த் திரும்பினால் எலும்பையெல்லாம் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். நோட்டைப் புரட்டி, உடம்பு திடமாக இருந்த பன்னிரண்டு டிரைவர்களை மட்டும் மாற்றி மாற்றி அதில் போட்டார். காரணம் சொல்லவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை பதினோரு வண்டிகள் வாசலைத் தாண்டவில்லை. டிரைவர்கள் வண்டி கழுவும் மேடையில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

மேலாளர் கூப்பிட்டு ஒரே வாக்கியத்தில் முடித்தார். “அடுத்த திங்கக்கிழமை முப்பத்தெட்டும் வெளிய போகணும், இல்லேன்னா சார்ட்டைத் தலைமை ஆபீஸ் கம்ப்யூட்டரே போட்டுக்கும்.”

அந்தக் கம்ப்யூட்டருக்கு யாருடைய இடுப்பும் தெரியாது. சார்ட்டுக்கோ அந்த அறையை விட்டால் வேறு இடம் கிடையாது.

பேச வந்தவள் ‘விசில்’. வாயில் விசிலே இல்லாமல் நாக்கை மடித்து ஊதி வண்டியை நிறுத்துகிற கண்டக்டர்.

“அண்ணே, நீங்க நியாயமாத்தான் போட்டீங்கன்னே வச்சுக்குவோம். அது எங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பத்தொம்பது வருஷமா போடுறேம்மா. என்னைத் தெரியாதா?”

“உங்களைத் தெரியும். சார்ட்டைத்தான் தெரியல. கதவைச் சாத்திக்கிட்டுல்ல எழுதுறீங்க?”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பினார். அவள் தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள்.

“போன வருஷம் நான் ஊர்ல இல்லாதப்ப அடுக்களைக்கு நீலம் அடிச்சு வச்சீங்களே, ஞாபகம் இருக்கா?”

“உனக்குப் பிடிச்ச கலர்தானே?”

“பிடிச்ச கலர்தான்” என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

கூட்டம் கூட்டிக் கேட்பதாக மறுநாள் சார்ட்டு சொன்ன பிறகுதான் நின்ற வண்டிகள் கிளம்பின. புதன்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, ஷிஃப்ட் மாறும் நேரத்தில், கூட்டம் கூட்டினார். நோட்டைக் காட்டவில்லை, ஆனால் தன் கணக்கை முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னார். உடம்புக்கு முடிந்தவர்கள் குவாரிக்குப் போகட்டும். விசில் எதிர்க்கட்சி: எல்லோரும் குலுக்கல் வரிசைப்படி ஒவ்வொரு வாரம் போவோம், முடியாதவர்கள் ஒத்துக்கொள்கிற ஆளோடு மாற்றிக்கொள்ளட்டும். கை தூக்கினார்கள். சார்ட்டுக்கு நாற்பத்தொன்பது, விசிலுக்கு முப்பத்தைந்து. ஜெயித்த சந்தோஷத்தில் அன்றைக்கு முழங்கால் வலிக்கவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் ஏழு வண்டிகள் நின்றன.

முன்னால் உட்கார்ந்திருந்தவர் ‘புலம்பல்’. பிரேக்கை மிதிப்பதற்கு முன்னால்கூட ஒரு பெருமூச்சு விடுகிற டிரைவர்.

“கை தூக்கி முடிவு பண்ணியாச்சு, அப்புறம் என்னய்யா?” என்றார் சார்ட்டு.

“யார் கை? நேத்து ரெண்டு மணிக்கு நான் எங்க இருந்தேன், சொல்லுங்க பாப்போம்.”

சார்ட்டு யோசிக்கவே வேண்டியதில்லை. முப்பத்தெட்டு வண்டிகளும் எந்த நிமிடம் எந்தப் பாலத்தில் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். “ரெண்டு மணிக்கு நீ ஆத்துப் பாலம் தாண்டி…” என்று ஆரம்பித்தவருக்கு நாக்கு அப்படியே நின்றது. இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறுவது டவுன் வண்டிகளுக்குத்தான். தொலைதூர வண்டிக்காரர்கள் நாற்பத்தேழு பேர் அந்த நேரம் சாலையில் இருந்தார்கள். அனுப்பியது அவர்தான், மூன்று நிறப் பேனாவால், அவர் கையாலேயே.

“எங்களை வண்டியில ஏத்தி அனுப்பிட்டு, இங்க கூட்டம் போட்டா எப்படிண்ணே?”

சுற்றி நின்றவர்களில் ஒருவர், “விடுங்க சார்ட்டு, ஜெயிச்சாச்சுல்ல” என்றார். நாற்பத்தொன்பது கைகள் கண்ணுக்குள் நின்றன. மறுபடி கேட்டால் அது அப்படியே இருக்கும் என்று என்ன நிச்சயம்? அவர் சாவியை எடுத்தார். பலகையைத் திறந்து, இரவெல்லாம் உட்கார்ந்து எழுதிய சார்ட்டின் நாலு ஊசிகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

“மறுபடி கேப்போம்” என்றார். “நீங்க வர முடியலேன்னா, ஓட்டுப் பெட்டி உங்ககிட்ட வரும்.” நின்ற ஏழு வண்டிகளும் கிளம்பின.

பயணிகள் தவறவிட்ட பொருள்களைப் போட்டுவைக்கும் தகரப் பெட்டியைக் காலிசெய்தார்கள். ஒற்றைச் செருப்புகளும் ஒரு புல்லாங்குழலும் வெளியே வந்தன. மெக்கானிக் மூடியில் துளை வெட்டினார். இரண்டு பூட்டு: ஒரு சாவி சார்ட்டிடம், இன்னொன்று விசிலிடம். டிக்கெட் ரோலின் பின்பக்கம் முத்திரை குத்தி ஓட்டுச்சீட்டு. வெள்ளியும் சனியும் அந்தப் பெட்டி முன் சீட்டில் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனது. தூரத்து பஸ் நிலையங்களில் வண்டி மாறியது. டிரைவர்கள் ஸ்டியரிங் மேல் சீட்டை வைத்து, கையால் மறைத்துக்கொண்டு எழுதினார்கள். ஒரு பயணி, “இதுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?” என்று கேட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. நண்பகலில் கழுவும் மேடையில் எண்ணினார்கள். விசில் உரக்கப் படித்தாள். புலம்பல் அவள் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு சீட்டையும் பெருமூச்சோடு சரிபார்த்தார். நூற்று முப்பத்தொன்றில் மூன்று பேர் லீவு. விசிலின் சுற்று முறைக்கு எழுபது. சார்ட்டின் முறைக்கு ஐம்பத்தெட்டு.

தோற்றுப்போன சார்ட்டு ஸ்கேலைத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, “குலுக்கல் சீட்டை எடுங்க. எழுதணும்ல?” என்றார். அன்று கதவைச் சாத்தாமல் எழுதினார். வாசலில் ஆறேழு தலைகள். “அண்ணே, என் பேருக்கு மேல கோடு கோணல்” என்று ஒருவர் சொல்ல, “நீ ஓட்டுற மாதிரிதான் போட்டிருக்கேன்” என்றார்.

குலுக்கலில் குவாரிக்கு முதல் பெயர், புலம்பல்.

திங்கட்கிழமை இருள் பிரியும் நேரத்தில் சார்ட்டு வாசல் கம்பத்தில் சாய்ந்து எண்ணத் தொடங்கினார். மேலாளரும் மாடி ஜன்னலில் எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்தேழு போய்விட்டன. குவாரி வண்டி மட்டும் புகைவிட்டபடி நின்றது. டிரைவர் சீட் காலி. சார்ட்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

கழிவறைப் பக்கமிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு புலம்பல் வந்தார்.

“என்ன பாக்குறீங்க? நான் உங்க முறைக்குத்தான் ஓட்டுப் போட்டேன். நாம தோத்துட்டோம்.”

சார்ட்டு திகைத்துப் போனார். “என் சார்ட்ல உனக்குக் குவாரியே இல்லையேய்யா. அப்புறம் ஏன் அன்னைக்கு வண்டி எடுக்க மாட்டேன்னே?”

“அன்னைக்கு என்னைக் கேக்கலையே.”

“இடுப்பு? யார்கிட்டயாவது மாத்திக்கலாம்ல?”

“ரெண்டு பேர் வந்து கேட்டாங்க. மொத வாரமே மாத்தினா நல்லாவா இருக்கும்? நான் நின்னு எண்ணின ஓட்டுல்ல?”

சார்ட்டு விந்தி விந்தி அறைக்கு ஓடி, தன் நாற்காலியிலிருந்த பஞ்சுத் திண்டைத் தூக்கிவந்து ஜன்னல் வழியாக நீட்டினார். புலம்பல் அதை முதுகுக்குப் பின்னால் சொருகி, நீளமாக ஒரு மூச்சு விட்டு, கியரைப் போட்டார்.

“முப்பத்தெட்டு” என்று மாடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார் சார்ட்டு. பிறகு போய், வெறும் மர நாற்காலியில் உட்கார்ந்து, ஸ்குரூ டிரைவரால் கதவின் தாழ்ப்பாளைக் கழற்ற ஆரம்பித்தார்.