தோர்த்தா சுட்ட ஞாயிறுகள்

மாவோடு மாரடிக்கிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை. மற்றவர்களின் ஞாயிற்றுக்கிழமையைச் சுட்டுக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். போறணை அடுப்புக்கு முன்னால் நின்று நின்று கால் வீங்கிய, என் தொழில்காரரான உங்களுக்கு நான் சொல்லப்போவது ஒன்றும் புதிதாக இராது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருந்த கஃபேயில் மூன்று வருடம் தோர்த்தா சுட்டேன். தோர்த்தா இத்தாலிக்காரரின் பலகாரம். மெல்லிசாகத் தேய்த்த மாவுக்குள் கீரையும் சீஸும் முட்டையும் அடைத்து, ஓரத்தை மடித்து மூடிச் சுடுவது. ஞாயிறுகளில் பத்து மணிக்குப் பிறகு எழும்பி வந்து பிரன்ச் சாப்பிடுகிற ஆட்களுக்கு அது இல்லாவிட்டால் முகம் சுருங்கிவிடும்.

பெயர்

கணவர் பலெர்மோவில் மாரடைப்பில் போனபிறகு, பதினான்கு வருட இத்தாலி வாழ்க்கையை இரண்டு சூட்கேசில் அடைத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். மகன் சுதன் சித்தப்பா வீட்டில் வளர்ந்து, படித்து, அப்போது ஒரு கம்பனியில் வேலையாக இருந்தான். அவனுடைய சம்பளத்தில் உட்கார்ந்து சாப்பிட மனம் வரவில்லை. கஃபேக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன்.

முதலாளி லண்டனில் படித்து வந்த தமிழ்ப் பெண். எல்லோருக்கும் மேடம். "ஏதாவது செய்து காட்டுங்கோ" என்றா. தோர்த்தாவுக்கு வேண்டிய இத்தாலிக் கீரை இங்கே இல்லை. பசளிக்கீரையையும் லீக்ஸையும் வதக்கி, துணியில் கட்டித் தண்ணீர் போகப் பிழிந்தேன். பாலைக் காய்ச்சித் தேசிக்காய்ச் சாறு விட்டுத் திரைய வைத்து வடித்தேன். சாதிக்காயைக் கொஞ்சம் துருவிப் போட்டேன். மேடம் நின்ற நிலையிலேயே இரண்டு துண்டு சாப்பிட்டா. வேலை நிச்சயம் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. பெயரைக் கேட்டா. பரமேஸ்வரி என்றேன். மூன்றாவது துண்டுக்குக் கையை நீட்டியபடி சொன்னா:

"உங்கட பெயர் வெளியில வேண்டாம். இத்தாலியில இருந்து வந்த செஃப் எண்டு மெனுவில போடுவம். அது பொய் இல்லைத்தானே?"

முட்டை

கோயிலுக்குப் போய்விட்டு நேரே கஃபேக்கு வருகிற ஒரு அம்மா இருந்தா. திருநீறு கலையாமல் வந்து இருப்பா. முட்டை போட்டதா என்று வாராவாரம் கேட்பா, ஓம் என்றால் வெறும் கோப்பியோடு போய்விடுவா. எனக்கே மனம் பொறுக்கவில்லை. இரண்டு கிழமை முயன்று, முட்டை இல்லாமல், கிழங்கு மசித்துச் சேர்த்து, அவவுக்கென்று தனியாக ஒரு சின்னத் தோர்த்தா சுட்டேன். கீரை பிழிந்து பிழிந்து மணிக்கட்டு வலித்ததை விடுங்கள். முட்டை இல்லை என்று சொல்லி மேசைக்கு நானே கொண்டுபோய் வைத்தேன். கடைசித் துண்டுவரை ஆறுதலாகச் சாப்பிட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னா:

"நல்லாத்தான் இருக்கு பிள்ளை. ஆனா ஒரு முட்டை போட்டிருந்தா இன்னும் பதமா வந்திருக்கும்."

பலெர்மோக்காரர்

ஒருநாள் மெய்யாகவே ஒரு இத்தாலிக்காரர் வந்துவிட்டார். மனைவியோடு சுற்றுலா வந்த வயதான மனிதர். தோர்த்தாவைச் சாப்பிட்டவர் செஃபைப் பார்க்கவேணும் என்று பிடிவாதம் பிடித்தார். செஃப் இன்றைக்கு லீவு என்று மேடம் சொல்லிப் பார்த்தா. மனிதர் கேட்கவில்லை, எழும்பிக் குசினி வாசலுக்கே வந்துவிட்டார்.

நான் இத்தாலியனில் வணக்கம் சொன்னதும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. மாவோடு இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டார். பலெர்மோ என்றேன், தானும் பலெர்மோதான் என்றார். நாட்டுக்குத் திரும்பியபிறகு அந்தப் பாஷையில் என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை. அங்கே என்ன செய்தாய் என்று கேட்டார். முதல் ஆறு வருடம் வீடுகளில் வேலை, பிறகு எட்டு வருடம் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினி, அங்கே மாவு வேலை முழுவதும் என் பொறுப்பு என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முதல் ஆறு வருடத்தை மட்டும்தான் காதில் வாங்கினார். மனைவியைக் கூப்பிட்டு என்னைக் காட்டிவிட்டு, மிகுந்த அன்போடு சொன்னார்:

"எங்கள் வீட்டிலும் உன் நாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். குளியலறையை அவளைப்போலத் துப்புரவாக்க ஆளே இல்லை."

திவசம்

கணவரின் இரண்டாவது ஆண்டுத் திவசம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஒரு மாதத்துக்கு முன்னமே லீவு கேட்டேன். அன்றைக்கு நாற்பது பேருக்கு ஒரு பிறந்தநாள் பிரன்ச் என்றா மேடம். "திதியைத் திங்கட்கிழமைக்கு மாத்த ஏலாதோ?" என்று கேட்டா. கேலியில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டா. கடைசியில் பத்து மணிக்கு விடுகிறேன் என்று ஒத்துக்கொண்டா.

விரதம் என்றபடியால் அன்றைக்கு நாக்கில் ஒரு பருக்கை வைக்கவில்லை. உப்பைக் கைக்கணக்கில் போட்டேன். எட்டுத் தோர்த்தா போறணையில் இருந்து இறங்கும்போதே பத்து மணி. விருந்துக்காரர் நேரத்துக்கு வரவில்லை, சூடாக்கிக் கொடுக்க ஆள் இல்லை என்று என்னை நிற்பாட்டி வைத்தார்கள். நானும் நின்றேன். போயிருக்கலாம். ஏன் நின்றேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டரைக்கு ஆட்டோ பிடித்து வீடு போனபோது ஐயர் போய்விட்டார், காகத்துக்கும் வைத்தாகிவிட்டது. அப்பாவின் படத்துக்கு முன்னால் சுதன் வெறும் மேலோடு இருந்தான். என் உடுப்பில் வெண்ணெயும் சீஸும் மணந்தன. குளித்துவிட்டு வருகிறேன் என்றேன். அவன் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:

"ஆறுதலாக் குளியுங்கோ அம்மா. இந்த வீட்டில உங்களுக்காக ஒருத்தரும் காத்துக்கொண்டு இருக்கேல்லை, பழகீட்டுது."

கை

மேடம் வீடியோவில் தோர்த்தா செய்யப் பழக்கப்போகிறா என்று விளம்பரம் வந்தது. படம் எடுக்கிற தம்பி குசினிக்குள் விளக்குகளை நட்டார். மேடம் மாவைத் தேய்த்தா, கிழிந்தது. இன்னொன்று தேய்த்தா, அதுவும் கிழிந்தது. ஓரம் மடிக்கிற இடத்தில் அவவுக்கு வேர்த்துவிட்டது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கதைக்கும்போது மேடத்தின் முகம், மடிக்கும்போது என் கை. மேடத்தின் மோதிரம் ஒன்றை எனக்குப் போட்டார்கள். என் விரலில் ஏறாமல் சவர்க்காரம் போட்டு ஏற்றினார்கள். இரண்டு முறை மடித்துக் காட்டினேன். தம்பி கமராவுக்குள் பார்த்தபடி, மரியாதையாகத்தான் சொன்னார்:

"அன்ரி, கையில அந்தச் சூட்டுத் தழும்புகளுக்குக் கொஞ்சம் பவுடர் பூசுவமா? மேடத்தின்ர கை எண்டு சனம் நம்போணும்."

விலகல்

பவுடர் பூசவிட்டேன், படம் முடியும்வரை மடித்தும் கொடுத்தேன். மோதிரத்தைக் கழற்றிக் கழுவி மேசையில் வைத்துவிட்டு, நாளையிலிருந்து வரமாட்டேன் என்றேன். மேடம் கத்தவில்லை. ஒரு கிளாஸ் தண்ணீர் தந்தா. அழவேண்டி வந்துவிடுமோ என்று பயந்தேன், ஆனால் அவ அதற்கு இடம் வைக்கவில்லை:

"நீங்க போறது உங்கட விருப்பம், பரமேஸ். ஆனா ரெசிப்பி கஃபேக்குச் சொந்தம், அதை விளங்கிக்கொள்ளுங்கோ."

பழகின இடம்

இப்போது கொட்டாஞ்சேனை வீட்டிலேயே சுடுகிறேன். சின்னப் போறணைதான், ஒரு தரத்துக்கு இரண்டு. சுதன் வாங்கித் தந்தது. வயரைச் சுவரில் செருகிப் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான். ஞாயிறு காலையில் ஓடர்களைக் கொண்டுபோய்க் கொடுப்பவனும் அவன்தான்.

போன மாதம் வெள்ளவத்தையில் இருந்து ஒரு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ரீச்சர் தானே தேடி வந்தா. கனடாவில் இருந்து மகள் வந்திருக்கிறாவாம். ருசி பார்க்க ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். கண்ணை மூடிச் சாப்பிட்டா. நான் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்து என்னை மேலும் கீழும் பார்த்து, கெட்டிக்காரப் பிள்ளையைப் பாராட்டுகிற குரலில் சொன்னா:

"அச்சொட்டா அந்தக் கஃபேயில சாப்பிட்ட மாதிரியே இருக்கு. மேடத்தின்ர வீடியோவைப் பார்த்துத்தானே பழகினனீங்க?"

ஓம் ரீச்சர் என்று சொல்லி இரண்டு தோர்த்தாவுக்கு ஓடர் எழுதிக்கொண்டேன். முன்னர் மேடத்தின் வியாபாரத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவள் இப்போது சொந்த வியாபாரத்துக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், எங்கள் தொழிலில் இதற்குத்தான் முன்னேற்றம் என்று பெயர்.