தேனுக்குள் ஒரு நூல்

இரண்டு கட்டைவிரல்களும் வளையத்தின் விளிம்பைப் பிடித்து மேலே தூக்கின. வளையம் வர மறுத்தது. கைகள் அதை வற்புறுத்தவில்லை, தூக்கிப் பிடித்தபடி அப்படியே காத்திருந்தன. சற்று நேரத்தில் மனம் மாறியதுபோல் வளையம் தானாக நெகிழ்ந்து மேலேறியது. அதன் அடியிலிருந்து தேன் நிறத்தில் கெட்டியான ஒரு திரவம் பட்டையாக இழுபட்டு, கம்பியாக மெலிந்து, மயிரிழையாகி, கிண்ணத்துக்குள் சுருண்டு சுருண்டு விழுந்தது.

"அம்மா, இங்க தேன் விக்கிறாங்கன்னு சொன்னாங்க. ஒரு கிலோ கிடைக்குமா?" வாசலில் ஒருவர் பாத்திரத்தோடு நின்றார்.

பலகைச் சுவருக்கு அப்பால் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. சுவரில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஓட்டை. அதன் வழியாக ஒரு ஆண்குரல் வந்தது. "சார், அதைக் குடிச்சீங்கன்னா நாளைக்குச் சாயங்காலம்தான் தொண்டையைத் தாண்டும். நிஜத் தேன் அடுத்த தெரு, மருந்துக் கடைக்குப் பக்கத்துல."

மாதத்துக்கு இரண்டு பேராவது இப்படி வந்துவிடுவார்கள். தப்பு அவர்கள்மேல் இல்லை. தெருவே அவளைத் தேனக்கா என்றுதான் கூப்பிடுகிறது.

மூன்று கால் டிரைபாடுக்கும் கேமராவுக்கும் நடுவே உட்காரும் பாகத்தைச் சினிமாக்காரர்கள் ஹெட் என்பார்கள். தேனக்கா அதைத் தலை என்பாள். கேமரா இடமும் வலமும் திரும்புவது, மேலும் கீழும் சாய்வது எல்லாம் அந்தத் தலையின் தயவு. அதற்குள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள், வளையங்களுக்கு நடுவே காகிதம் நுழையாத இடைவெளி, அந்த இடைவெளி முழுக்க இந்தத் தேன். மெதுவாகத் திருப்பினால் வழிவிடும். வெடுக்கென்று திருப்பினால் இழுத்துப் பிடிக்கும். கையின் சின்னச் சின்ன நடுக்கமெல்லாம் அதற்குள்ளேயே கரைந்துபோய், படத்தில் வழுக்கிக்கொண்டு போகும் அசைவு மட்டும் மிஞ்சும். "இந்தத் தேனுக்கு அவசரக்காரங்களைக் கண்டா ஆகாது. அவ்வளவுதான் இதுல விஷயம்" என்பாள்.

அவள் இதற்கு எந்தப் பள்ளியிலும் போய்ப் படிக்கவில்லை. முதலில் அவள் பழுதுபார்த்தது கதவுகளை. அலுவலகக் கதவுகளின் உச்சியில், டமால் என்று அடிக்காமல் மெல்ல மூட வைக்கும் ஒரு இரும்புப் பெட்டி இருக்குமே, அதைக் கழற்றி எண்ணெய் மாற்றி மாட்டுவாள். பத்து வருடம் அந்த வேலை. ஒருநாள், அப்போது கேமரா உதவியாளராக இருந்த அவள் நாத்தனார், இறுகிப்போன ஒரு தலையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணி, நீங்க கதவையே சாந்தமாக்குறவங்க. இதையும் கொஞ்சம் பாருங்க" என்றாள். அந்த முதல் தலையைத் திறந்தபோது உள்ளே இருந்ததெல்லாம் தேனக்காவின் மடியில் கொட்டியது. கறை போகவே இல்லை. தையல்காரக் கணவர் அந்தத் துணியை வெட்டி நாற்காலிக்கு உறை தைத்தார். இன்றைக்கும் அவள் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறாள். இருபது வருடத்தில் நகரத்தின் எல்லா வாடகைக் கேமராக் கடைகளின் தலைகளும் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டன.

தேன் கேட்டவர் போன கொஞ்ச நேரத்தில் நாத்தனார் உள்ளே வந்தாள். இடது தோளில் கனமான பெட்டி, கக்கத்தில் டிரைபாட். வலது மணிக்கட்டில் வெளிறிய துணிப்பட்டை. அவள் இப்போது உதவியாளர் இல்லை, படத்தின் கேமராவையே இயக்குகிறவள். ஆறு மாதம் முன்பு படியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. கட்டுப் பிரித்து, பயிற்சி எல்லாம் செய்து, இப்போது எடுத்துக்கொண்டிருக்கும் படத்துக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள்.

"என்னடி, காலங்காத்தால முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு?"

"அண்ணி, சிரிக்காதீங்க. நேராக் கேக்கறேன், நேரா சொல்லணும். கோளாறு இந்தத் தலையிலயா, என் கையிலயா?"

சிக்கல் ஒரே ஒரு ஷாட்டில். படகுத் துறையிலிருந்து பயணிகள் படகு கிளம்புகிறது. கேமரா அதை இடமிருந்து வலமாக, ஒரே ஓட்டத்தில், கடைசிவரை பின்தொடர வேண்டும். படத்தின் முடிவே அதுதான். அந்தச் சாயங்கால வெளிச்சத்தில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு படகுதான், ஐந்து மணிப் படகு. இரண்டு நாள் எடுத்தார்கள். இரண்டு நாளும் கிளம்பிய இடத்திலேயே ஒரு சின்ன வெட்டு. மானிட்டரில் படகு விக்கல் எடுத்ததுபோல் தெரிந்தது.

"மத்த ஷாட் எல்லாம் சரியா வருது. இது மட்டும் வரல. தலை நல்லா இருக்கு, கைதான் பழைய மாதிரி இல்லன்னு பேசிக்கிறாங்க. இன்னைக்கும் வெட்டினா நாளையிலேருந்து கேமரா வேற ஆள் கையில." அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "என் கைதான்னா சொல்லிடுங்க. நானே விலகிக்கறேன். இன்னொருத்தர் சொல்லிக் கேக்க வேண்டாம்."

தேனக்கா எழுந்து கையைக் கழுவினாள். தெரியாத விஷயத்துக்கு ஆறுதல் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

"அதெல்லாம் தலைதான்னு சொல்லி அனுப்பு" என்று ஓட்டை வழியாகக் கணவர் சிபாரிசு செய்தார். "என் தங்கச்சி கை தங்கமான கை."

"உங்க தங்கச்சிங்கறதாலதான் ரெண்டு தடவை பாக்கணும். உங்க இஞ்சி டேப்பைக் குடுங்க."

டேப் ஓட்டை வழியாக வந்தது. அதை எதிர்ச் சுவரில் நீளவாக்கில் ஒட்டினாள். தலையை டிரைபாடில் ஏற்றி, கேமரா உட்காரும் இடத்தில் அதே எடைக்கு இரும்புக் கட்டியும், அதன்மேல் சிவப்புப் புள்ளி அடிக்கும் ஒரு சின்ன விளக்கும் வைத்துக் கட்டினாள். கைப்பிடியின் நுனியில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டினாள்.

"கையைப் பின்னால கட்டிக்க. ரப்பரை நான் இழுக்கறேன். ரப்பருக்கு மணிக்கட்டு கிடையாது."

ரப்பர் நீண்டது. புள்ளி மெல்லக் கிளம்பியது. பதினாலாவது அங்குலத்துக்கு வந்ததும் நின்றது. பிறகு ஒரே தாவலில் பதினாறுக்குப் போனது. திரும்ப இழுத்தாள். பதினாலு, தாவல், பதினாறு.

நாத்தனார் வாயைத் திறந்தாள்.

"பொறு, இன்னும் முடியல. டிரைபாடை எப்படி வச்சு எடுத்தீங்க?"

"எப்பவும் வைக்கிற மாதிரிதான், இப்ப நிக்கிற மாதிரியே. சிவப்பு டேப் ஒட்டின கால் லென்ஸுக்கு நேர் கீழே. எங்க அசிஸ்டெண்ட் பையன் எங்க வச்சாலும் அப்படித்தான் வைப்பான், சாமியே வந்தாலும் மாத்தமாட்டான்."

தேனக்கா சிவப்பு டேப் காலைப் பக்கவாட்டுக்குத் திருப்பிவிட்டு மறுபடி ரப்பரை இழுத்தாள். இந்த முறை பதினாலில் ஒன்றும் நடக்கவில்லை. புள்ளி நழுவிக்கொண்டே போய், நாற்பதைத் தாண்டியபின் தாவியது.

இப்போது விஷயம் வெளிச்சமாகிவிட்டது. கோளாறு தலைக்குள் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. டிரைபாடை எப்போதும் ஒரே மாதிரி வைப்பதால், படகு ஷாட் கிளம்பும் கோணம் தினமும் அந்த இடத்தின்மேலேயே வந்து விழுந்திருக்கிறது. மற்ற ஷாட்டுகளில் கேமரா அந்தப் பக்கம் திரும்பாததால் அவை அதைத் தொடவே இல்லை.

"போய் உங்க அண்ணன்கிட்ட டீ குடி. மூணரைக்குத் தலை உன் கையில இருக்கும்."

"அப்ப என் கை?"

"அதை அப்புறம் பாக்கறேன்."

மேல்மூடியின் திருகுகளைக் கழற்றித் திருப்பியபோது, அதன் உட்புறத்தில் ஊசியால் குத்திய சின்னப் புள்ளி தெரிந்தது. ஒவ்வொரு தலையைத் திறக்கும்போதும் அவள் வைக்கும் அடையாளம் அது. பக்கத்திலேயே தேதி. இரண்டு மாதத்துக்கு முந்தியது. ஆக, இதைக் கடைசியாகத் திறந்த கை வேறு யாருடையதும் இல்லை.

வளையங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். மூன்றாவது வளையத்தின் விளிம்பில் கீறினாற்போல் ஒரு பள்ளம், காடி. அந்தக் காடிக்குள், தேனில் ஊறி, நீலமாக ஏதோ சுருண்டு கிடந்தது. சாமணத்தால் பிடித்து இழுத்தாள். இரண்டு விரற்கடை நீளத்துக்கு ஒரு நூல் வந்தது.

அன்றைக்கு நடந்தது கண்முன் வந்து நின்றது. வாடகைக் கடைக்காரர் வாசலில் நின்றுகொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "ஆச்சாக்கா? ஆச்சாக்கா?" என்று உயிரை எடுத்தார். நூல் விடாத துடைப்புத் துணி தீர்ந்திருந்தது. இந்த ஒருமுறைதானே என்று ஓட்டை வழியாக ஒரு வெட்டுத்துணியை வாங்கி வளையங்களைத் துடைத்தாள். பார்க்க வெள்ளையாக, சுத்தமாகத்தான் இருந்தது. அதன் ஓரத்தில் பிரிந்த நீலத் தையல் ஒன்று இருந்ததை அவள் பார்க்கவில்லை.

நூல் சாமண நுனியில் ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் அண்ணனும் தங்கையும் எதற்கோ சிரித்தார்கள். இதைக் குப்பையில் போட்டுவிட்டு, உள்ளே எண்ணெய் கெட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் படக்குழுவில் என்ன சொல்வார்கள்? அண்ணி நாத்தனாருக்குப் பரிந்துகொண்டு பேசுகிறாள், எண்ணெய்மேல் பழியைப் போடுகிறாள் என்பார்கள். கை பற்றிய சந்தேகம் அப்படியே இருக்கும். இந்த நூலுக்கு மட்டும்தான் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கிற பலம் இருந்தது. அதோடு சேர்ந்து, தேனக்காவின் வேலையில் நூல் வந்தது என்ற பேச்சும் எல்லா வாடகைக் கடைக்கும் போய்ச் சேரும். போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏங்க! இந்த நூல் உங்களுதான்னு பாருங்க."

ஓட்டையில் கணவரின் முகம் வந்தது. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "நம்ம நூல்தான். கால்சட்டைக்குப் போடுறது. எங்க கிடைச்சுது?"

"தலைக்குள்ள. மூணாவது வளையத்துல. நான்தான் விட்டிருக்கேன்."

அவர் நூலை இன்னும் உற்றுப் பார்த்தார். "ரெண்டு மாசம் உள்ளேயே கிடந்தும் அறுந்து போகல பாத்தியா? தரமான நூல்னு நான் சொல்லும்போது யாரும் நம்பறதில்ல. அவனவன் எங்கெங்கயோ நூல் விடறான், நம்ம வீட்டு நூல் கேமராவுக்கே போயிருக்கு!"

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து நாத்தனார் எட்டிப் பார்த்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவள் முகத்துக்கே தெரியவில்லை. "ரெண்டு நாளா இந்தக் கையை வெறிச்சு வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன். உங்களைக் கடிக்கலாம்போல இருக்கு அண்ணி."

"கடி. நியாயம்தான். ஆனா கையில மட்டும் கடிக்காத, மூணரை வரைக்கும் எனக்கு அது வேணும்."

வளையங்களைக் கழுவினாள். இந்தத் தடவை புதிய கட்டைப் பிரித்து எடுத்த, நூல் விடாத துணி. ஒவ்வொரு காடியையும் பூதக்கண்ணாடியில் பார்த்தாள். புதுத் தேனை ஊற்றினாள். ஊற்றும்போது காற்று புகுந்து குமிழ்கள் வந்தன. குமிழ் உள்ளே இருந்தால் தலை பஞ்சுபோல் அமுங்கும், ஒழுங்காக இழுத்துப் பிடிக்காது. இந்தத் தேனில் குமிழ் மேலே வர அரை நாள் பிடிக்கும். சூடு பட்டால் தேன் இளகும், குமிழ் சீக்கிரம் வரும். தலையை ஓட்டை வழியாக அடுத்த அறைக்கு அனுப்பினாள்.

"இஸ்திரி மேசையில வையுங்க. பெட்டிக்குப் பக்கத்துல, மேல இல்ல. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பி வையுங்க."

"சட்டை மாதிரி மடிக்கவும் செய்யணுமா?"

இடையில் தொலைபேசி அடித்தது. படத்தின் மேலாளர். கணவர்தான் எடுத்தார். "ஆமா சார், தலையைக் கழட்டித்தான் வச்சிருக்கு. மூளையெல்லாம் வெளியே எடுத்துக் கழுவியாச்சு. இப்ப வெதுவெதுப்பா இருக்கு... இல்ல சார், நான் டாக்டர் இல்ல, டெய்லர்." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "தலை போற அவசரம்னு சொல்றாரு" என்று ஓட்டை வழியாக அறிவித்தார்.

"தலை போகாது, வரும்னு சொல்லுங்க."

அவசரப்பட்டதால் வந்த வினை சாமண நுனியில் இன்னும் மேசைமேல் கிடந்தது. கடைசிக் குமிழ் மேலே வந்து உடையும்வரை அவள் மூடியைத் தொடவில்லை. அது உடைந்தபோது மணி மூன்று. மூடியைப் போட்டுத் திருகினாள். ஊசியைக் கையில் எடுத்தபோதுதான், பழைய புள்ளிக்குப் பக்கத்தில் புதுப் புள்ளி குத்த வேண்டியது மூடியின் உட்புறத்தில் என்பது நினைவு வந்தது. மறுபடி கழற்றி, குத்தி, துடைத்து, திருகினாள்.

தலை டிரைபாடில் ஏறியது. ரப்பரை இழுத்தாள். சிவப்புப் புள்ளி ஒன்றில் கிளம்பி, பதினாலைக் கண்டுகொள்ளாமல் தாண்டி, அறுபது வரை போனது.

"சரியாயிடுச்சு!" என்றார் கணவர்.

"தலை சரியாயிடுச்சு" என்றாள் தேனக்கா. ரப்பரைக் கழற்றினாள். "நூல் வந்ததால உன் கை நல்ல கைன்னு ஆயிடாது. கேட்டியே, கையிலயான்னு? வா. வலது கை. பட்டையைக் கழட்டு."

நாத்தனார் கைப்பிடியைப் பிடித்தாள். பிடித்த விரல்கள் லேசாக நடுங்கின, அது எல்லோருக்கும் தெரிந்தது. அவள் மூச்சை உள்ளே இழுத்து, பாதி விட்டு, மீதியை வைத்துக்கொண்டு, எதிரே படகு இருப்பதுபோல் பார்த்துக்கொண்டு திருப்பினாள்.

விரல்களில் இருந்த நடுக்கம் சுவர் வரைக்கும் போகவில்லை. புள்ளி டேப்பின்மேல் நூல் பிடித்தாற்போல் ஊர்ந்தது. பத்து, பதினாலு, முப்பது, ஐம்பது. அறுபதில் அவள் நிறுத்தியபோது, நின்றது தெரியாமல் நின்றது.

"திரும்ப" என்றாள் தேனக்கா.

திரும்பவும் அப்படியே போனது. "வேகமா" என்றாள். போனது. "இன்னும் மெதுவா." போனது.

தேனக்கா சுவரிலிருந்து டேப்பைப் பிய்த்துச் சுருட்டி ஓட்டை வழியாகக் கொடுத்தாள். "கையில ஒண்ணும் இல்ல. எல்லார் கையும் நடுங்கும், என் கையும் நடுங்கும். அதை விழுங்கத்தானே உள்ள தேன் இருக்கு."

பிறகு மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தலையோடும் கொடுத்தனுப்பும் சீட்டை எடுத்தாள். கோளாறு என்ற இடத்தில், 'மூன்றாம் வளையத்தில் நூல். போன முறை பழுதுபார்த்தபோது நான் விட்டது' என்று எழுதினாள். குறிப்பு என்ற இடத்தில், 'இயக்கியவர் கை சோதிக்கப்பட்டது. சரியாக உள்ளது' என்று எழுதினாள். நீல நூலைச் சீட்டின் ஓரத்தில் வைத்து ஒட்டுநாடாவால் ஒட்டினாள்.

"இதை மேலாளர்கிட்டயே குடு. படிக்கும்போது பக்கத்துல நாலு பேர் இருக்கட்டும்."

"அண்ணி, உங்க பேர் கெட்டுப்போகுமே."

"என் பேர் எனக்கே மறந்துபோச்சு. தேன்லதான் ஓடுது."

"கீழே டெய்லர் நூல்னு ஒரு வரி சேத்துக்க" என்றது ஓட்டை. "கடை விலாசமும் போடு."

இன்னும் வெதுவெதுப்பு ஆறாத தலையைத் தேனக்கா துணியில் சுற்றி இரண்டு கைகளாலும் நீட்டினாள். நாத்தனார் வழக்கம்போல் இடது தோளைக் காட்டப் போனாள். பிறகு நின்று, பட்டை இல்லாத வலது கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.