புதிய பாஸ்போர்ட்டில் உள்ள முகம்

புதுச்சத்திரம் டீக்கடையில் சேலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறேன். காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. எதிர் பெஞ்சில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் பன்னை டீயில் நனைத்துத் தின்கிறார். இடது கன்னத்துத் தழும்பு கீழ் இமையை இழுத்துப் பிடித்திருப்பதால் அந்தக் கண் மூடுவதில்லை. நீர் வழிந்துகொண்டே இருக்கிறது. ஆப்பிரிக்காவில் ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போடும் வேலையாம். அங்கே இரும்புக் குழாய் தெறித்து முகத்தில் அடித்துவிட்டதாம்.

ஊரில் வைத்தியம் பார்த்துக்கொண்டு திரும்பிப் போனபோது, அந்த நாட்டு விமான நிலையத்தில் முகம் பார்க்கும் கம்ப்யூட்டர், பாஸ்போர்ட்டில் இருப்பது இவரில்லை என்று சொல்லிவிட்டது. இரண்டு நாள் ஓர் அறையில் உட்காரவைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"ஆபீசர் பார்த்தாலே தெரிந்திருக்குமே?" என்கிறேன்.

"அவருக்குத் தெரிஞ்சுதுங்க. மெசினு ஒத்துக்கலைன்னா நான் என்ன பண்றதுன்னு கையை விரிச்சுட்டாருங்க."

இப்போது தழும்போடு படம் எடுத்துப் புதுப் பாஸ்போர்ட் வாங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை விமானம். இன்னொரு ஆபரேஷன் செய்தால் கண் மூடும் என்று சேலத்து டாக்டர் சொல்கிறாராம்.

"செய்துகொண்டு போகலாமே?"

"செஞ்சா மூஞ்சி மறுபடி மாறிருமுங்க. இன்னொருக்கா திருப்பி அனுப்புனா வேலை போயிருமுங்க. ரெண்டு வருசம் இப்படியே இருந்துட்டு வாரேனுங்க."

டம்ளரைக் கீழே வைக்கிறார்.

"மெசினுக்கு இனி என்னைத் தெரியுமுங்க. எம்பொண்ணுக்கு நாலு வயசு. அவதான் இன்னும் கிட்ட வரமாட்டேங்கறா."

என் பஸ் வந்து நிற்பதை அவர்தான் சொல்கிறார்.