வெறுங்காலுக்குச் சமம்

பூதலூர் சாலையில் நான் ஓடப் பழகத் தொடங்கிய வாரத்தில்தான் அவரைச் சந்தித்தேன். ஒல்லியான, நரைத்த மீசைக்காரர். எதிரில் யார் ஓடி வந்தாலும் நிறுத்தி, தன் மெல்லிய ஷூ ஒன்றைக் கழற்றிச் சப்பாத்தி போலச் சுருட்டிக் காட்டுவார். "இது வெறுங்காலுக்குச் சமம் சார். உங்க தடிச்ச ஷூவத் தூக்கிப் போடுங்க" என்பார். நம்பி நானும் அதையே வாங்கினேன். கெண்டைக்கால் கல்லாக இறுகி, படி இறங்கச் சுவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. "வலிச்சா நல்லதுங்க, கால் முழிச்சுக்குது" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலை, சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். நான் ஒதுங்கி ஓடினேன். அவர் நெல்மேலேயே ஓடினார்.

வெறுங்காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண் மறித்தார். "செருப்புக் காலோட மிதிக்கிறீங்களே, சோறாகப் போற நெல்லுங்க."

"இது செருப்பு இல்லம்மா. வெறுங்காலுக்குச் சமம்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப கழட்டிட்டு மிதிங்க சார்" என்றேன்.

"கழட்டினா நெல்லு குத்துமே" என்றார்.

திமிராகச் சொல்லியிருந்தால் திட்டிவிட்டு மறந்திருப்பேன். மனிதர் மனதார நம்பித்தான் சொன்னார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.