ஊசிப்பாறைக் குடிசையும் ஒன்பது மாம்பழமும்

வெள்ளி, காலை 5.40. ராஜபாளையத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். பன்னிரண்டு கிலோமீட்டர், பதினைந்து ரூபாய். வைகாசி மாதம். மடியில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, போர்வை, டார்ச், தண்ணீர் பாட்டில். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டே வந்த அம்மா எங்கே பயணம் என்று கேட்டார். மலையில் மூன்று நாள் யானைக் கணக்கெடுப்பு, துணைக்கு ஆள் கேட்டிருந்தார்கள், பெயர் கொடுத்திருக்கிறேன் என்றேன்.

“நீங்க அதை எண்ணுறதுக்குள்ள அது உங்கள எண்ணிரும்” என்றார், நாரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்போது சிரித்தேன்.

எனக்குப் பிழைப்பு, மருத்துவமனைக் கட்டுத்துணி நெய்கிற தறிகளுக்கு மோட்டார் பழுது பார்ப்பது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வேலை நேரம் முழுக்கத் தறிச் சத்தம். ஊருக்கு மேற்கே மலை இருக்கிறது என்பது மொட்டை மாடியில் துணி காயப் போடும்போதுதான் நினைவுக்கு வரும். அதனால்தான் பெயர் கொடுத்தேன்.

6.15. ஸ்ரீவில்லிபுத்தூர். வத்திராயிருப்பு முதல் பஸ்ஸில் வந்து இறங்கி நின்றிருந்தார் தங்கராஜ் மச்சான். என் மனைவியின் அண்ணன். மகாராஜபுரம் பக்கம் நாற்பது மாமரம் வைத்திருக்கிறார். நான் மலைக்குப் போகிறேன் என்று தங்கச்சி வழியாகத் தெரிந்ததும் தானும் பெயர் கொடுத்துவிட்டார். அவர் பை என் பையைப் போல இரண்டு மடங்கு இருந்தது. டீக்கடை பெஞ்சில் வைத்துத் திறந்தபோது, மடித்த வேட்டிகளுக்கு நடுவே மஞ்சளாக எதுவோ தெரிந்தது.

“மச்சான், வனத்துறையில அனுப்புன தாள்ல பழம் கொண்டுவரக் கூடாதுன்னு போட்டிருக்கே.”

“அது கடையில வாங்குற பழம் மாப்ள. இது நம்ம தோப்புப் பழம். ஒன்பதே ஒன்பதுதான். மேல குடிசையில அந்தக் காவல்காரப் புள்ளைக நமக்கு ரெண்டு நாள் சோறு போடப் போறாக. வெறுங்கைய வீசிட்டா போய் நிக்கச் சொல்றீரு?”

இதற்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த மரத்துப் பழத்தின் ருசி எனக்குத் தெரியும்.

7.10. செண்பகத்தோப்பு. ஆட்டோவுக்கு இருநூற்றைம்பது ரூபாய். சோதனைச் சாவடியில் எங்கள் குழுவின் மற்ற இருவரும் காத்திருந்தார்கள். ஒருவர் வனக்காப்பாளர் செல்வி. முப்பது வயதிருக்கும், சாத்தூர்ப் பக்கத்துக்காரர். எல்லோருக்கும் அவர் கார்டம்மா. இன்னொருவர் வேட்டைத் தடுப்புக் காவலர் மாடசாமி. அங்கேயே பளியர் பழங்குடிக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர், நாற்பத்தைந்து வயது. மெலிந்த ஆள். செருப்பு வைத்திருந்தார், பையில்.

“கருவாடு, உப்பு, பழம், வெல்லம் ஏதாச்சும் இருக்காண்ணே?” என்று செல்வி கேட்டார்.

“ஒண்ணும் இல்லம்மா” என்றார் மச்சான். நான் மரத்தைப் பார்த்தேன். மேலே ஒரு சாம்பல் அணில், பூனை அளவு இருக்கும், வால் அதைவிட நீளம், கிளை விட்டுக் கிளை தாவியது. ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்ததால் அதை நன்றாகவே பார்த்தேன்.

7.30. நடை தொடங்கியது. முன்னால் மாடசாமி, அடுத்து மச்சான், பிறகு நான், கடைசியில் செல்வி. தடம் ஒற்றையடி. முதல் இரண்டு கிலோமீட்டர் ஓடையை ஒட்டியே போகிறது. கோடையில் ஓடை என்றால் வெள்ளைக் கற்கள்தான், நடுவில் அங்கங்கே ஒரு குட்டைத் தண்ணீர். பிறகு ஏற்றம். காய்ந்த தேக்கிலை மேல் மிதித்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். மாடசாமி மிதித்தால் அதுவும் இல்லை.

“எப்படித் தம்பி?” என்று மச்சான் கேட்டார்.

“நீங்க தடத்துக்கு வேலை கொடுக்கீக. நான் காலுக்கு வேலை கொடுக்கேன்.”

10.15. நாலாவது கிலோமீட்டரில் கீழ்க் குடிசை. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு அகழி வெட்டி, மேலே மரப்பலகைப் பாலம் போட்டிருக்கிறார்கள். இரவில் பலகையை இழுத்து உள்ளே போட்டுவிட்டால் யானை தாண்டாது. அங்கே கஞ்சி குடித்தோம். அங்கிருந்து ஊசிப்பாறைக் குடிசைக்கு இன்னும் ஐந்து கிலோமீட்டர்.

பிற்பகல் 1 மணி சுமாருக்கு ஓர் ஓடையைக் கடக்கும்போது மச்சான் வழுக்கி உட்கார்ந்தார். பாறைமேல் அல்ல, முதுகிலிருந்து நழுவிய தன் பையின் மேலேயே.

“அடிபட்டுச்சாண்ணே?” என்று ஓடி வந்தார் செல்வி.

“எனக்கில்ல தாயி” என்றார் மச்சான். அந்த முகத்தைப் பார்த்த எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மற்ற இருவருக்கும் புரியவில்லை.

அதுவரை நேரில் ஒரு யானையும் காணோம். யானைச் சாணம், இவர்கள் பேச்சில் பிண்டம், பதினொரு இடத்தில். செல்வி ஒவ்வொன்றையும் படிவத்தில் எழுதிக்கொண்டார்.

3.30. ஊசிப்பாறை. குடிசை என்றுதான் சொல்கிறார்களே தவிர, இது செங்கல் கட்டடம். பன்னிரண்டுக்குப் பத்தடி, ஒன்பது அங்குலச் சுவர், தகரக் கூரை, ஜன்னலுக்குப் பதில் கண் உயரத்தில் கை அகலப் பிளவுகள். சுண்ணாம்பு அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தரை முழுக்கப் பாறை என்பதால் இங்கே அகழி கிடையாது. பைகளை எல்லாம் வெளிச்சுவர் நிழலில் சாய்த்து வைத்துவிட்டு ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனோம்.

தண்ணீரோடு திரும்பும் வழியில் மாடசாமி குடிசையின் கதையைச் சொன்னார். இது மூன்றாவது குடிசை. முதலாவதை உப்புக்காக யானை இடித்தது. இரண்டாவதை, யாரோ வாங்கி வைத்த ஒரு பலாப்பழத்துக்காக. மூன்றாவதுக்குச் செங்கலும் சிமெண்டும் தகரமும் கீழிருந்து தலைச்சுமையாகவே வந்தன. சிமெண்டு மூட்டையைப் பாதியாகப் பிரித்து, ஒரு நடைக்கு அரை மூட்டை. அவர் ஒருவர் மட்டும் நாற்பது நடை.

“இதுவும் இடிஞ்சா?” என்றேன்.

“பொறவு மேல குடிசையே வேண்டாம்னு எழுதிருவாக அண்ணாச்சி. கீழ்க் குடிசையில இருந்து தெனம் ஏறி எறங்கணும். இந்தப் பக்கம் தண்ணிக் குட்டைய யாரு பாக்க? கண்ணி வைக்கிறவனுக்கு அது போதுமே.” பிறகு குடத்தைத் தோள் மாற்றிக்கொண்டு சொன்னார்: “என் தல மேல வந்த சுவரு அது.”

அரிசி பருப்பு எதுவும் குடிசைக்குள் வைப்பதில்லை. இருநூறு அடி தள்ளி, செங்குத்துப் பாறையில் ஒரு பொந்து. ஏணி வைத்து ஏறி, இறுக்க மூடியிட்ட தகர டின்னில் வைக்கிறார்கள். சமையலும் அந்தப் பாறைக்கு அடியில்தான். குடிசை தூங்க மட்டும். இது இந்த மலைக் காவலர்கள் தாங்களாகவே கண்டுபிடித்து வைத்திருக்கும் ஏற்பாடு.

இதை அவர் சொல்லச் சொல்ல நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மச்சான் எனக்குப் பின்னால் வந்தார். அவர் குடத்தில் தண்ணீர் தளும்பிக்கொண்டே இருந்தது.

4.10. திரும்பி வந்தோம். குடிசைக்கு முப்பது அடி முன்னால் மாடசாமி நின்றுவிட்டார். மூக்கை லேசாகத் தூக்கினார்.

“கார்டம்மா, மாம்பழம்.”

“இந்தக் காட்டுல ஏதுண்ணே மாம்பழம்?”

அவர் விரலை நீட்டிய இடத்தில், புது வெள்ளைச் சுவரில் மச்சானின் பை சாய்ந்திருந்தது. அதன் கீழ் மஞ்சளாக ஒரு கோடு வழிந்து, சுவரோடு இறங்கித் தரையில் ஒரு கை அகலத்துக்குத் தேங்கியிருந்தது. எறும்பு வந்துவிட்டது.

மச்சான் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். “எனக்கும் தெரியும் கார்டம்மா. காலையிலேயே தெரியும்.”

செல்வி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “யானையை எண்ண வந்தீங்களா, விருந்துக்குக் கூப்பிட வந்தீங்களா?”

மாடசாமி திட்டவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை. பையைத் திறந்து கணக்குப் பார்த்தார். நசுங்கியது நான்கு, முழுசு ஐந்து. முழுப் பழங்கள் டின்னுக்குள் போய்ப் பொந்தில் ஏறின. நசுங்கியதைக் காட்டில் வீசக் கூடாது, புதைத்தாலும் தோண்டிவிடும் என்றார் செல்வி. ஆகவே சாறு தரையில் சொட்டாதபடி ஊற்றுத் தண்ணீரில் முழங்கால் அளவு நின்றுகொண்டு நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கொன்று தின்றோம். தோலும் கொட்டையும் இன்னொரு டின்னில் பொந்துக்குப் போயின. என் வாழ்க்கையில் மாம்பழத்தை அப்படி ஒரு வருத்தத்தோடு தின்றதில்லை.

பிறகு சுவர். ஏழு குடம் தண்ணீர் ஊற்றினோம். அடுப்புச் சாம்பல் போட்டுத் தேய்த்தோம். மாடசாமி ஓடைக்கரையில் நொச்சி ஒடித்து வந்து கசக்கிப் பூசினார். மச்சான் தன் பையையும் வேட்டிகளையும் துவைத்து, அவற்றையும் பாறைமேல் ஏற்றிவிட்டு வந்தார்.

“மிளகாப்பொடி தூவிட்டா என்ன?” என்று நான் கேட்டேன்.

“மூக்கு எரிஞ்சா அதுக்குக் கோவம் வரும். கோவத்துல முட்டும். வாசம் இல்லேன்னா ஏமாந்து போகும், அம்புட்டுதான். ஏமாந்த யானை நல்லது அண்ணாச்சி.”

இருட்டுமுன் சாப்பிட்டுக் கதவைப் பூட்டிப் படுத்தோம். மச்சான் அன்றைக்குக் குறட்டை விடவில்லை. தூங்கினால்தானே.

சனி, காலை 5.50. பிளவுகளில் வெளிச்சம் வந்திருந்தது. வெளியே ஒரு கிளை முறிந்தது. மாடசாமி எழுந்து பார்த்துவிட்டு, விரலை வாயில் வைத்தார். நானும் ஒரு பிளவில் கண்ணை வைத்தேன்.

பெரிய பெண் யானை ஒன்று. அதன் வயிற்றுக்குக் கீழே ஒரு குட்டி. இருபது அடி இருக்கும். தாய் தும்பிக்கையை உயர்த்தி, எங்கள் பக்கம் திருப்பி, அப்படியே வைத்திருந்தது. பிறகு நடந்து வந்தது. அவ்வளவு பெரிய உருவம் நடக்கிறது, சத்தமே இல்லை. பிளவு முழுக்கச் சாம்பல் நிறம் ஆனது. அதன் பிறகு எங்களுக்குக் கேட்டது மூச்சு மட்டும்தான். சுவரின் அந்தப் பக்கம், தரையிலிருந்து மேலாக, சரியாக அந்த மஞ்சள் கோடு இருந்த இடத்தில் உரசிக்கொண்டே ஏறியது. நின்றது. மறுபடி இறங்கியது.

மச்சான் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தார். உதடு மட்டும் அசைந்தது. செல்வி யானை விரட்டும் பட்டாசுக் கட்டு ஒன்றைக் கையில் எடுத்தார். மாடசாமி அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தடுத்துவிட்டு, உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். அந்தப் பக்கம் தும்பிக்கை இருந்த அதே உயரத்தில். பேச ஆரம்பித்தார். பிள்ளை பெற்ற வீட்டில் பேசுகிற குரல் அது.

“ஒண்ணும் இல்ல தாயி. புத்தி கெட்டவங்க ரெண்டு பேரு வந்திருக்காக, அவிய தப்பு. நீ புள்ளையக் கூட்டிக்கிட்டுத் தண்ணிக்குப் போ. உள்ள ஒண்ணும் இல்ல. போ தாயி.”

சுவர் ஒரு தடவை உறுமியது போலிருந்தது. யானை மூலையில் தோளைச் சாய்த்திருக்க வேண்டும். பொத்தென்று எதுவோ விழுந்தது. கூரைத் தகரம் கிடுகிடுத்தது. மாடசாமி பேச்சை நிறுத்தவே இல்லை. அவர் கழுத்து நரம்பு மட்டும் புடைத்திருந்தது.

பிறகு ஒரு நீளப் பெருமூச்சு. சாம்பல் நிறம் பிளவை விட்டு விலகியது. குட்டி ஓடி வந்து, தாய் முகர்ந்த இடத்தைத் தானும் ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு ஓடியது. ஓடைப் பக்கம் இரண்டும் இறங்கும்போது மணி 6.20.

வெளியே வந்து பார்த்தோம். வடக்கு மூலையில் ஒரு முழத்துக்குச் சிமெண்டுப் பூச்சு பெயர்ந்து விழுந்திருந்தது. செங்கல் அசையவில்லை. மாடசாமி மூலையைத் தட்டிப் பார்த்தார், குனிந்து பார்த்தார், மறுபடி தட்டிப் பார்த்தார். கடைசியில் சுவரோடு முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நிக்குது” என்றார்.

செல்வி படிவத்தை எடுத்தார். பெண் யானை ஒன்று, குட்டி ஒன்று. நேரம் 5.50. பார்த்தவரிடமிருந்து தூரம் என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார். “ஒன்பது அங்குலம்னு எழுதினா ஆபீஸ்ல நம்புவாங்களா?”

அப்போதுதான் எல்லோரும் சிரித்தோம். மச்சானுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அன்றும் மறுநாள் காலையும் வேறு தடங்களில் நடந்தோம். நேர்கோடாகக் கயிறு பிடித்தது போலப் போய்ப் பிண்டம் எண்ணுவது ஒரு நாள். மறைவில் உட்கார்ந்து தண்ணீர்க் குட்டையைப் பார்ப்பது ஒரு நாள். மொத்தம் ஏழு யானைகள். அந்த இரண்டைத் தவிர மற்றவை எல்லாம் தூரத்தில். மலையில் தூரம் எவ்வளவு நல்ல விஷயம் என்று தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு, பிற்பகல் 2.30. சோதனைச் சாவடி. டின்னில் இறங்கி வந்த ஐந்து பழங்களையும் செல்வியே அறுத்தார். மாடசாமி ஒரு துண்டை எடுத்துக் கொட்டைவரை சுத்தமாகச் சப்பினார். இரண்டாவது துண்டையும் எடுத்தார்.

“அண்ணாச்சி, பழம் என்னமோ நல்ல பழந்தான். இதுக்கு நானே சுவர இடிச்சிருப்பேன்.”

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். “அடுத்த தடவ என்ன தம்பி கொண்டுவரட்டும்?”

“வெறுங்கையோட வாங்க. எனக்கு அதுதான் மரியாதை.”

மாலை 5 மணிக்கு ராஜபாளையத்தில் இறங்கினேன். தறிச் சத்தம் தெருமுனையிலேயே வரவேற்றது. வீட்டுக்குள் மாம்பழ வாசம். மச்சான் வீட்டிலிருந்து போன வாரம் வந்த கூடை. மொட்டை மாடிக்குப் போனேன். மலை அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் இப்போது அதில் ஓர் இடத்தை எனக்குத் தெரியும். நாற்பது நடையில் ஏறிய ஒரு சுவர், அதன் வடக்கு மூலையில் ஒரு முழம் பூச்சு இல்லாமல். எங்கள் வீட்டுச் சுவரைச் செங்கல் செங்கலாக யார் தூக்கி வந்தார் என்று இருபது வருடமாக நான் யோசித்ததில்லை.

மூன்றாவது நாள் காலை மச்சானிடமிருந்து போன். பின்னால் லாரி ஹாரன் கேட்டது.

“எங்க மச்சான் இருக்கீங்க?”

“செண்பகத்தோப்பு சாவடியில. அனுமதி வாங்கியாச்சு. மாடசாமித் தம்பி அரை மூட்டை, நான் அரை மூட்டை.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “மாப்ள, ஒரு சந்தேகம். சிமெண்டுக்கு வாசம் இருக்குமா?”